தேடிய தேட்டம்



தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பொருள்களை விரித்துரைக்க வேண்டும் என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்புக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அறம், அருள், ஊழ் என்று எதை எடுத்தாலும் ஒரு மணி நேரம் போதாது. நான் எடுத்துக்கொண்டது அடுப்படியிலும் சந்தையிலும் நீதிமன்றத்திலும் ஒருங்கே புழங்குகிற ஒரு வினைச்சொல்: தேடு. அதிலிருந்து பிறந்த தேட்டம் என்னும் பெயரைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன். யாழ்ப்பாணத்தாரின் சொத்துரிமை முந்நூறு ஆண்டுகளாக இந்தச் சொல்லின்மேல் நிற்கிறது. ஆனால் சொல்லின் முழுப்பொருளையும் சட்டம் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டில் ஒரு பங்காவது குறைந்திருக்கும். இதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தேடு என்பதற்கு அண்டை அயலில் பல சொற்கள் உண்டு. துழாவுவது கையின் வேலை. இருட்டிலோ தண்ணீரிலோ பையின் அடியிலோ கை போக வேண்டும். துருவுவதற்கு ஒன்றின் உள்ளே இறங்க வேண்டும். ஆராய்கிறவருக்குப் பொருள் கண்முன்னாலேயே இருக்கிறது. வைத்தியரை நாடினார் என்றால் வைத்தியர் வீடு எங்கே என்பது அவருக்குத் தெரியும். தேடுவதற்கு மட்டும் பொருள் கண்முன் இருக்கக் கூடாது. இங்கே இல்லாத ஒன்றுக்கும் நமக்கும் நடுவே நடக்கிற வினை இது.

இல்லாதது இரண்டு வகை. முன்பு இருந்து இப்போது இல்லாதது ஒன்று. இனிமேல்தான் வரவேண்டியது மற்றொன்று. தொலைந்த சாவியைத் தேடுகிறவரும் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். முன்னவர் நேற்றைப் பார்க்கிறார். பின்னவர் வரப்போகும் ஆவணியைப் பார்க்கிறார். தமிழ் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ளவில்லை.

வருவதை நோக்கிய அந்தப் பொருளிலிருந்துதான் சம்பாத்தியம் என்ற பொருள் கிளைத்திருக்க வேண்டும். ஒருவன் பணம் தேடுகிறான் என்றால் தொலைத்த பணத்தைத் தேடுகிறான் என்று எவரும் நினைப்பதில்லை. அப்பா சேர்த்த காணியை அப்பா தேடி வைத்த காணி என்கிறோம். கொன்றைவேந்தனில் இச்சொல் இப்பொருளில் வருகிறது: கடல் கடந்தாவது பொருள் சேர்க்கச் சொல்லும் இடத்தில் ஒருமுறை, சேர்க்காமலே செலவழிக்கிறவனை எச்சரிக்கும் இடத்தில் ஒருமுறை. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் படித்த பிள்ளைக்கு வாய்ப்பாடமாக வந்த 'தேடு' உழைத்துச் சேர்த்தல்தான். ஈட்டு என்றால் சேர்ந்த குவியல் தெரிகிறது. உழை என்றால் உடம்பின் நோவு தெரிகிறது. தேடு என்றால் போகும் வழி தெரிகிறது. கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஐயமும், யாருக்காக என்ற கேள்வியும் கூடவே வருகின்றன. கலியாணம் கட்டாமல் ஓடி ஓடி உழைக்கிற மனிதரைப் பார்த்து யாழ்ப்பாணத்தில், "இந்த மனுசன் ஆருக்காகத் தேடுது?" என்றுதான் கேட்பார்கள். ஆருக்காக உழைக்குது என்று கேட்டால் அந்தக் கேள்வியின் கனம் பாதியாகிவிடும்.

இனி மூன்றாவது பொருள். இதில் சற்று நிற்க வேண்டும். தாய் வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளை அம்மம்மாவின் மடியில் கிடக்கிறது. சிணுங்குகிறது, கரண்டியை வாயில் வாங்க மறுக்கிறது, படலை திறக்கும் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறது. "பிள்ளை தாயைத் தேடுது" என்கிறாள் அம்மம்மா. பிள்ளை எழுந்து அறை அறையாகப் போய்ப் பார்க்கவில்லை. கிடந்த இடத்தில் கிடக்கிறது. தேடல் அதன் உடம்புக்குள் நடக்கிறது. காய்ச்சல் விட்டு எழுந்தவருக்கு நாக்குத் தேடுகிறது என்பதும் இப்படித்தான்.

இன்னும் ஒரு படி மேலே போனால், "எனக்கு உன்னைத் தேடுது" என்ற வாக்கியம் வருகிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இதை நிறையக் கேட்கலாம். இதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். 'நான்' என்ற எழுவாய் இல்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது என்பவற்றைப் போல நான்காம் வேற்றுமை நிற்கிறது. ஆனால் பசிக்கும் குளிருக்கும் செயப்படுபொருள் கிடையாது. இங்கே 'உன்னை' என்ற இரண்டாம் வேற்றுமை அசையாமல் இருக்கிறது. தேடப்படுகிறவர் வாக்கியத்தில் இருக்கிறார். தேடுகிறவர் எழுவாய் இடத்தில் இல்லை. நான் தேடவில்லை, தேடல் எனக்கு நேர்கிறது. ஏக்கம், நினைவு, பிரிவாற்றாமை என்று எதைப் போட்டாலும் இந்த வாக்கியத்தின் அமைப்பு அதில் வராது. தேட்டம் என்ற சொல்லுக்கு அகராதிகள் சம்பாத்தியத்தையும் தருகின்றன, விருப்பத்தையும் தருகின்றன. இந்த நான்காம் வேற்றுமைத் தேடலுக்கு ஊர் ஊராக எடுத்துக்காட்டுத் திரட்டித் தரும் அகராதி ஒன்று நமக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

நான்காவதாக ஒரு பொருள் உண்டு. அது எதிர்மறையில் மட்டுமே தலைகாட்டுகிறது. வேலி சாய்ந்து, கிணற்றில் பாசி படர்ந்து, முற்றத்தில் வடலி முளைத்துக் கிடக்கிற வளவைப் பார்த்து, "தேடுவாரற்றுக் கிடக்குது" என்கிறோம். அந்த வளவு தொலையவில்லை. காணி உறுதி இருக்கிறது, காணிப் பதிவேடான தோம்பில் பெயர் இருக்கிறது, ஊரில் எல்லாருக்கும் அது யாருடைய வளவு என்று தெரியும். தேடுவார் இல்லை என்றால் வந்து எட்டிப் பார்ப்பார் இல்லை, பேணுவார் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடும் மாதா மாதம் வெளிநாட்டுக் காசும் வருகிற ஒரு முதியவரையும் தேடுவாரற்றவர் என்று சொல்ல முடியும். பக்கத்தில் வந்திருந்து, இரவு நித்திரை வந்ததா என்று கேட்க ஆளில்லை என்பது அதன் பொருள்.

காண முயலுதல், பொருள் சேர்த்தல், உள்ளுக்குள் நாடித் தவித்தல், பேணுதல் ஆகிய நான்கும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. வீடு ஒன்றை நடத்துகிறவர் இந்த நான்கையும் ஒவ்வொரு நாளும் செய்கிறார். இதை நினைவில் வைத்துக்கொண்டு சட்டத்துக்குப் போவோம்.

1706இல் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ், யாழ்ப்பாணத்துக் குடிகளின் வழமைகளைத் திரட்டி எழுதும்படி உத்தரவிட்டார். அதைச் செய்தவர் யாழ்ப்பாணத்தில் திசாவை என்னும் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்து, மக்களின் நடைமுறைகளை அருகிருந்து பார்த்தவர். 1707 ஜனவரியில் தொகுப்பு முடிந்தது. தமிழில் பெயர்க்கப்பட்டு, முதலிமார் பன்னிருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கப்பட்டது. அதுதான் தேசவழமை. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுவைக் கொடுத்தார்கள்.

அந்தத் தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போகக் கூடாது. அது நிலமுடையவர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட்டது. அதில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்தான். எவர் கைபட்டு அந்தத் தேட்டங்கள் விளைந்தன என்று தேசவழமை கேட்கவில்லை. இனி நான் பாராட்டிச் சொல்லப்போகும் எதுவும் இந்தக் குறையை மறைக்காது.

தேசவழமை குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கணவன் கொண்டுவந்தது முதுசம். மனைவி கொண்டுவந்தது சீதனம். இருவரும் கூடி வாழும் காலத்தில் சேர்ந்தது தேடிய தேட்டம். பழைய வழமைப்படி முதுசம் ஆண் பிள்ளைகளுக்கும் சீதனம் பெண் பிள்ளைகளுக்கும் போயின. தேடிய தேட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்பப் பிரிக்கப்பட வேண்டும். பெண்களின் பங்கு சற்றுக் கூடுதலாக அமைவதை ஆண் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அது சொல்கிறது. போர்த்துக்கேயர் காலம் தொட்டு இவ்வழமைகள் மாறிவிட்டன என்ற குறிப்பும் அங்கேயே உண்டு.

ஒல்லாந்த மொழியில் எழுதியவர்கள் இந்த மூன்று சொற்களையும் மொழிபெயர்க்கவில்லை. ஒலியை மட்டும் தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலேயரும் அப்படியே செய்தார்கள். இன்றும் ஆங்கிலச் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் தேடிய தேட்டம் உரோம எழுத்தில் நிற்கிறது. தமிழ் தெரியாத நீதியரசர்களும் இந்தச் சொல்லை உச்சரித்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இப்போது அந்தத் தொடரை அருகில் வைத்துப் பாருங்கள். முதுசம் என்ற சொல்லுக்குள் முன்னோர் இருக்கிறார்கள். சீதனம் என்றால் கொடுத்த பெற்றோர் இருக்கிறார்கள். தேடிய தேட்டம் என்ற தொடரில் யார் இருக்கிறார்கள்? ஆடிய ஆட்டம், பாடிய பாட்டு என்பவற்றைப் போன்ற அமைப்பு இது. வினையும் பெயரும் ஒரே அடியிலிருந்து பிறந்தவை. 'தேடிய' என்பது பெயரெச்சம். பெயரெச்சம் காலத்தைக் காட்டும். செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா என்று காட்டாது. கணவன் தேடிய என்றும் இல்லை, மனைவி தேடிய என்றும் இல்லை. வெறுமனே தேடிய. இதைத் தற்செயலாக அமைந்த இலக்கணம் என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. வீட்டுக்குள் ஒரு பொருள் வந்து சேர்ந்தால் அதைக் கொண்டுவந்த கை யாருடையது என்று பிரித்துக் கேட்காத ஒரு வாழ்க்கைக்கு அந்த எழுவாயற்ற பெயரெச்சம் பொருத்தமாக இருந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தேடும் இடம் தூரமாகியது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாக வேலை பார்த்தார்கள். மணியோடர் ஊருக்கு வந்தது; அந்தக் காசில் காணிகள் வாங்கப்பட்டன, நாற்சார் வீடுகள் எழும்பின. எங்கள் வீட்டு உறுதிப்பெட்டியில் அந்தக் காலத்து உறுதி ஒன்று இருக்கிறது. கறையான் தொடாதிருக்க இடையிடையே வேப்பிலை வைத்து மடித்த தடித்த தாள். மலாயாவில் இருந்த என் அம்மப்பாவின் பெயரில், அவருடைய தமையனார் அற்றோணித் தத்துவத்தின் மூலம் முடித்த அறுதி உறுதி அது. காணியின் பெயர், பரப்பு, நாலு பக்க எல்லைகள், அதனுள் அடங்கிய பனை வடலிகள், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் வரிசையாக வருகின்றன. நொத்தாரிசின் கையெழுத்து, சாட்சிகள் இருவரின் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. அம்மம்மாவின் பெயர் எங்கும் இல்லை.

அந்தக் காணி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு வந்தவர் அம்மம்மா. எல்லையைச் சுற்றி நடந்து பார்த்தவர் அவர். கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, உவர் இல்லை என்று கடிதம் எழுதுவித்தவர் அவர். விலை பேசியபோது குறைந்த காசுக்குத் தன் கைச்சோடியை ஈடு வைத்தவர் அவர். கதியால் நட்டு வேலி அடைத்து, தென்னம்பிள்ளை வைத்து, கோடை முழுவதும் குடத்தால் தண்ணீர் ஊற்றியவரும் அவர்தான். அந்தக் காணியைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் "நாங்கள் தேடின காணி" என்றுதான் சொல்வார். நாங்கள் என்ற பன்மை அவர் வாயில் ஒருநாளும் தவறியதில்லை.

அம்மம்மாவின் அந்தப் பன்மையை 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது. யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய சட்டம் அது. திருமண வாழ்வின்போது கணவனோ மனைவியோ பெறுமதி கொடுத்து வாங்கியதும், இருவரது தனிச்சொத்துகளிலிருந்து அக்காலத்தில் வந்த இலாபமும் தேடிய தேட்டம் என்று அது வரையறுத்தது. இருவருக்கும் அதில் சமபாத்தியதை உண்டு என்றது. உறுதியில் யார் பெயர் இருந்தாலும் மற்றவருக்குப் பாதி இருந்தது.

1947இல் வந்த 58ஆம் இலக்கத் திருத்தம் இந்த வரையறையை மாற்றியது. அதன்பின் தேடிய தேட்டம் என்பது 'ஒரு துணைவரின்' தேடிய தேட்டம் ஆகியது. தன் தனிச்சொத்தின் பகுதியாக இல்லாத பெறுமதியைக் கொடுத்து அவர் வாங்கியது, தன் தனிச்சொத்திலிருந்து அவருக்கு வந்த இலாபம் என்று ஒருமையில் எழுதப்பட்டது. அவர் இறந்தபின், மரணசாதனத்தால் வேறுவிதமாகக் கொடுக்கப்படாமல் எஞ்சியதில் பாதி மற்றவருக்குப் போகும். மறுபாதி இறந்தவரின் உரிமைக்காரருக்குப் போகும். உயிரோடிருக்கும் காலத்தில் வாங்காதவருக்கு அதில் பங்கு உண்டா என்று நீதிமன்றங்களில் நெடுநாள் வாதம் நடந்தது. 1986இல் உயர் நீதிமன்றம் அந்தப் பங்கு இல்லை என்ற பக்கத்தில் முடித்து வைத்தது.

எழுவாய் இல்லாமல் இருந்த பெயரெச்சத்துக்குச் சட்டம் ஓர் எழுவாயைச் சூட்டியது என்றே நான் இதைப் படிக்கிறேன். இந்தத் திருத்தத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சொந்தமாகச் சம்பளம் எடுக்கிற ஒரு பெண்ணின் காசில் வாங்கிய வீட்டில், ஊதாரிக் கணவனுக்குத் தானாகவே பாதி போய்விடாமல் இது காத்தது. ஆசிரியைமாரும் தாதிமாரும் பெருகி வந்த காலத்தில் அது வேண்டியும் இருந்தது. ஆனால் காசு கையாளாமல் வீட்டைக் கட்டிக்காத்த பெரும்பான்மைப் பெண்களின் தேடல் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. விலை கொடுத்தவர் யார் என்பது மட்டுமே கேள்வியாகியது. தேடு என்ற சொல்லின் நான்கு பொருள்களில் மூன்றைச் சட்டம் வெளியே விட்டுவிட்டு, பணம் என்ற ஒன்றை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டது. பேணுதலும் தேடல்தான் என்று வளவைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த சமூகம், அந்த வளவைப் பேணியவளின் பங்கைச் சட்டத்தில் சொல்ல மறந்தது.

இன்னொரு பிரிவைப் பற்றியும் பேச வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்த அசையா ஆதனத்தை உயிரோடிருக்கும்போது விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. தாய்வழி வந்த சீதனக் காணிக்கும் இதுதான் விதி. ஆணுக்கு இப்படி ஒரு விதி இல்லை. கணவனின் சம்மதம் பெற முடியாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்திடம் போகலாம் என்று 8ஆம் பிரிவு வழி விடுகிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், நீண்ட சிறையில் இருந்தால், சித்தம் தெளிவற்றவராக இருந்தால், நியாயமின்றி மறுத்தால் போகலாம். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால்.

1911இல் அந்த வரியை எழுதியவர்கள், மலாயாவுக்கோ வேறெங்கோ போய்க் கடிதம் போடாமல் மறைந்துபோன ஒரு சிலரை மனத்தில் வைத்திருக்கலாம். ஒரு நூற்றாண்டு கழித்து இலங்கையின் வடக்கில் அந்த வரி ஆயிரக்கணக்கான வீடுகளின் கதையாகிவிட்டது. உள்நாட்டுப் போரின்போதும் போர் முடிந்த 2009இலும் கணவன்மார் காணாமல் ஆக்கப்பட்டார்கள். மனைவிமார் அவர்களைத் தேடுகிறார்கள். முகாம், சிறை, ஆணைக்குழு என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மாரும் மனைவிமாரும் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர்களில் ஒருத்தி, மகளைப் படிப்பிக்கவோ நோய்க்கு மருந்து பார்க்கவோ தன் தாய் தந்த காணியில் இரண்டு பரப்பை விற்க வேண்டியிருந்தால், கணவனின் சம்மதம் எங்கே என்று சட்டம் கேட்கிறது. சம்மதம் தரவேண்டியவரைத்தான் அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். அவர் இருக்கும் இடம் தெரியாது என்று அவள் நீதிமன்றத்தில் மனுப்போட்டுச் சொல்ல வேண்டும். அரசிடம் எங்கே என்று கேட்பவள், அரசின் நீதிமன்றத்தில் எங்கே என்று தெரியாது என்று தானே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

2016இல் கொண்டுவந்த திருத்தம் ஒன்று, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு, ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. அதே ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் உருவாகியது. அந்தச் சான்றிதழின் தேவையை நான் மறுக்கவில்லை. வங்கிக் கணக்கும் பிள்ளையின் பாடசாலை அனுமதியும் அதை நம்பி நிற்கின்றன. ஆனாலும் பல தாய்மார் அதைத் தொடத் தயங்கினார்கள். தேடலை நிறுத்திக்கொண்டதற்கு ஒப்புதலாக அந்தத் தாள் ஆகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எனக்கு உன்னைத் தேடுது என்ற வாக்கியத்தை அறிந்த மொழியில் அந்த அச்சம் முழுக்க விளங்கும். அந்தத் தேடலைத் தொடங்கியவர்கள் அந்தத் தாய்மார் அல்லர். நிறுத்தும் உரிமையும் அவர்கள் கையில் இல்லை.

கண்டுபிடிக்காத தேடலைத் தோல்வி என்று நம் மரபு சொல்லவில்லை என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். திருவண்ணாமலைத் தலக்கதையில் சிவனின் அடியைத் தேடிப் பன்றியாகி நிலத்தைக் கிண்டிப் போனவர் திருமால்; முடியைத் தேடி அன்னமாகிப் பறந்தவர் பிரமன். காணாமலே கண்டேன் என்று தாழம்பூவைச் சாட்சி வைத்தவருக்குச் சாபம் கிடைத்தது. காணவில்லை என்று உள்ளபடி சொன்னவர் குறைவுபடவில்லை. சிவன் கோயில் கருவறையின் பின்சுவரில் இலிங்கோற்பவர் மாடத்தின் முன்னால் நின்றால், மேலே அன்னமும் கீழே பன்றியும் இன்னும் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காணவில்லை என்று சொல்லியபடியே தேடிக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு இந்த நாட்டில் ஆறுதலோ பதிலோ கொடுக்காதவர்கள்தான் தலைகுனிய வேண்டும்.

தேட்டம் என்ற சொல் இழப்பிலிருந்து திரும்பச் சேர்த்தலுக்கும் பயன்பட்டிருக்கிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடினார். எடுத்தால் ஓரம் உதிர்கிற, கட்டு அவிழ்த்தால் இதழ் முறிகிற சுவடிகளோடு மல்லாடி, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சில் தந்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் எவை எவை மறுபடி கிடைக்கும் என்று சொல்ல, ஈழத்தில் இதுவரை அச்சான தமிழ் நூல்கள் எவை என்ற பட்டியலே முதலில் வேண்டியிருந்தது. இலண்டனில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா 2002இல் அந்தப் பணியை நூல்வடிவில் வெளியிடத் தொடங்கினார். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில் விரிந்த அந்த வரிசைக்கு அவர் இட்ட பெயர் நூல்தேட்டம். தொலைந்ததைத் தேடுதலும் புதிதாகச் சேர்த்தலும் பேணுதலும் அந்தப் பெயரில் ஒருங்கே இருக்கின்றன. சட்டம் குறைத்த சொல்லை ஒரு நூலகர் அதன் முழு அளவுக்கு மீட்டுக் கொடுத்தார். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகமும் அதே தேட்டத்தின் தொடர்ச்சிதான்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு போக வேண்டும். பெண்ணின் காணிக்குப் பெண்ணின் கையொப்பம் போதும். இரண்டு, தேடிய தேட்டத்தின் வரையறைக்குள் வீட்டைப் பேணிய உழைப்பும் பெறுமதியாக வர வேண்டும். யார் காசு கொடுத்தார் என்ற கேள்வியோடு, யார் தேடினார் என்ற கேள்வியும் நீதிமன்றத்தில் கேட்கப்பட வேண்டும். தேசவழமை பழையது, பெண்ணுக்குப் பாதகமானது, முற்றாக நீக்கிவிடலாம் என்று சொல்வோரின் சினம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வழமையின் நடுவே கணவன், மனைவி, மகன், மகள் நால்வரையும் ஒரே தேட்டத்தில் வைத்துப் பேசிய ஒரு சொல் இருந்தது. திருத்தம் எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்.

இந்த வேலைக்குச் சட்டத்தரணிகள் மட்டும் போதாது. தமிழ் படிக்கிற மாணவர்களும் சட்டம் படிக்கிற மாணவர்களும் சேர்ந்து பழைய உறுதிகளைப் படிக்க வேண்டும். நொத்தாரிசுமாரின் கட்டுகளில் தேட்டம், தேடின, தேடிய என்ற சொற்கள் எந்த எந்தத் தொடர்களில் வருகின்றன, யார் பெயரோடு வருகின்றன என்று குறித்துத் தொகுக்க வேண்டும். போரிலும் இடப்பெயர்விலும் பல கட்டுகள் அழிந்துவிட்டன. எஞ்சியவை வீடுகளில் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உறுதிப்பெட்டியைத் திறவுங்கள். பக்கத்தில் அம்மம்மாவையோ அப்பம்மாவையோ இருத்திவைத்து, ஒவ்வொரு உறுதியாக எடுத்து, இந்தக் காணி எப்படித் தேடினது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி வாருங்கள். உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் நொத்தாரிசின் பெயரையும் பக்கத்தில் குறியுங்கள்.